இடப்பக்கம், கீழே, ஆறாவது பல்

ரொட்டியின் ஓரத்தைத்தான் கடித்தேன். கல்லும் இல்லை, எலும்பும் இல்லை. காலையில் வாட்டி எடுத்துவந்து மதியத்துக்குள் விறைத்துப்போன ஒரு துண்டு. கடைவாயில் 'டிக்' என்று ஒரு சத்தம். மடியில் யாரோ ஒரு ஆபீஸ்காரரின் பேண்ட் கீழ்மடிப்பைப் பாதி பிரித்தபடி கிடந்தது. அதன்மேல் துப்பிவிடக் கூடாதே என்று உள்ளங்கையை வாயருகே குவித்துக்கொண்டேன். மென்ற ரொட்டியோடு கடுகளவு சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று வந்து விழுந்தது. தையல் மெஷின் விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். மேல்பக்கம் கறுத்திருந்தது, உடைந்த பக்கம் மட்டும் புதிதாக மினுங்கியது.

நாக்கு அதற்குள் அங்கே போய்விட்டது. போகாதே என்றால் கேட்கிற சாதியா அது. முப்பத்துநாலு வருஷமாக அந்த இடம் அதற்கு அத்துப்படி. இடப்பக்கம், கீழே, முன்னாலிருந்து எண்ணினால் ஆறாவது பல். நடுவில் குழி வெட்டி மெட்டல் வைத்து அடைத்தது. அடைத்ததன்மேல் நிஜப் பல்லில் இருப்பதுபோலவே பள்ளமும் மேடுமாகச் சில கோடுகள். அவற்றில் ஒன்று மட்டும் மற்ற கோடுகளோடு சேராமல் நாக்குப் பக்கமாகச் சாய்ந்து தனியாக ஓடும். அந்தச் சாய்ந்த கோடு இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு மூலையைக் காணோம். அங்கிருந்த விளிம்பு நாக்கைக் கீறியது.

அக்காவுக்குப் போன் போட்டேன். என் அக்கா பல் டாக்டர்.

"அக்கா, பல்லு உடைஞ்சிருச்சு."

"எது?"

"நம்ம பல்லு."

 அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. கை கழுவிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கியிருப்பாள். பிறகு தண்ணீர் நின்றது.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வா. அதுவரைக்கும் அந்தப் பக்கம் மெல்லாதே. நூலையும் பல்லால கடிக்காதே."

"நூலை முன்பல்லாலதான் கடிப்பேன்."

"எதாலயும் கடிக்காதே. கத்திரின்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்க?" என்று சொல்லி வைத்துவிட்டாள். நாற்பத்தொன்பது வயதாகியும் அவளுக்கு நான் பொடிசுதான். கூப்பிடுவதும் அப்படியே.

நம்ம பல்லு என்று ஏன் சொன்னேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் மூளை மொத்தமும் அக்காவுக்குப் போய்விட்டது. எனக்கு ஊசியும் நூலும் வந்தன. என்னைவிட ஏழு வயது மூத்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் டீச்சர், "நீ அவ தங்கச்சியா!" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்பார். வருஷக் கடைசியில் அதே டீச்சர் அதே கேள்வியை வேறு குரலில் கேட்பார். இதற்காக நான் மூலையில் உட்கார்ந்து அழுததெல்லாம் கிடையாது, பழகிவிட்டது. ஆனால் அப்படிப்பட்ட அக்காவுக்கு என்னிடமிருந்து ஒன்று தேவைப்பட்ட ஒரே ஒரு நாள் உண்டு. அதை நான் லேசில் விட்டுவிடுவேனா.

அக்காவுக்குப் பல் காலேஜில் கடைசி வருஷப் பரீட்சை. எழுத்துப் பரீட்சை முடிந்து செய்முறை. அதற்கு நோயாளியைக் காலேஜ் தராது, மாணவர்களே தேடிப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். சும்மா யாராவது போதாது. கடைவாய்ப் பல்லில் அளவான சொத்தை உள்ள ஆள் வேண்டும். ரொம்பச் சின்னதாக இருந்தால் செய்துகாட்ட ஒன்றும் இருக்காது, ரொம்பப் பெரிதாக இருந்தால் அதை அடைக்க முடியாது. பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அவளுடைய வகுப்பு முழுவதும் ஊரார் வாயையே பார்த்துக்கொண்டு அலைந்தது. யாரோடு பேசினாலும் அக்காவின் கண் அவர்கள் கண்ணில் நிற்காது, உதட்டுக்குக் கீழே இறங்கிவிடும். "உன் பொண்ணு ஏன் என்னை இப்படிப் பார்க்குது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவிடம் கேட்டே விட்டார்.

கடைசியில் ஒரு வெல்டர் கிடைத்தார். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கம்பிக் கதவு செய்கிற பட்டறையில் வேலை. கொட்டாவி விட்டபோது அக்கா பார்த்துவிட்டாளாம். அவர் பல்லில் இருந்த சொத்தை அப்படி ஒரு அழகு என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அதற்கப்புறம் ஒரு மாதம் அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது, அவராகவும் எங்கும் போய் அடைத்துக்கொள்ளக் கூடாது. பட்டறைப் பக்கம் போகும்போதெல்லாம் பன் வாங்கிக் கொடுத்தாள். பல்லுக்குக் கெடுதலான பன்னைப் பல் டாக்டரே வாங்கித் தருகிறாளே என்று அப்பா கிண்டல் செய்தார்.

பரீட்சை அன்று எனக்கு லீவு. ராத்திரி முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் படித்துக்கொண்டிருந்தாள் என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். என் வேலை ஒன்றே ஒன்றுதான், பையில் இருக்கிற வாழைப்பழத்தை எப்படியாவது அவள் வாயில் திணிப்பது. காலை முதல் பஸ்ஸில் போனோம். அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டு யாரோ சீனியர் கொடுத்தது, கை குட்டை. மடிப்பைப் பிரித்து விரல்கடை நீளம் நான் இறக்கிக் கொடுத்திருந்தேன். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெயில் படாத ஒரு வரி கொஞ்சம் கூடுதல் வெள்ளையாகத் தெரிந்தது. என் முதல் ஆல்டரேஷன் அதுதான்.

காலேஜ் வாசலில் நின்றோம். எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன வெல்டர் வரவில்லை. எட்டேகாலுக்கும் வரவில்லை. கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு நோயாளியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். எட்டரைக்குக் கதவைச் சாத்திவிடுவோம் என்று காவலாளி சொன்னார். ஆள் இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் எழுத வேண்டும். அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள்.  அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பொடிசு, வாயத் திற."

திறந்தேன். வெயில் பக்கம் முகத்தைத் திருப்பி, பையிலிருந்த குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "இருக்கு. உனக்கும் ஒரு சொத்தை இருக்குடி," என்றாள். எனக்கு என்னவோ பரிசு விழுந்த மாதிரி இருந்தது.

அந்த ஹாலில் வரிசையாக முப்பது நாற்காலிகள். என்னைச் சாய்த்துப் படுக்கவைத்துக் கழுத்தில் துண்டு கட்டினாள். "சின்ன ஓட்டைதான், மரத்துப்போற ஊசி வேண்டாம். வலிச்சா இடது கையைத் தூக்கு," என்றாள். டாக்டர் வலப்பக்கம் நிற்பதால் நோயாளிக்கு இடது கைதான் வாய். அப்புறம் குனிந்து என் காதருகே, "ஆனா தூக்கிடாதேடி," என்றாள். தூக்கினால் எக்ஸாமினர் வந்துவிடுவார்.

வலித்தது. சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாற்காலிக் கைப்பிடிக்கு அடியில் ஒரு திருகாணி இருந்தது. அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், அதன் அச்சு இரண்டு நாள் கையில் இருந்தது. ஆனால் கையைத் தூக்கவில்லை. மெட்டலை வைத்து அழுத்தி, கோடுகள் இழுத்து முடித்ததும், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த எக்ஸாமினர் வந்து குனிந்தார். "எல்லாம் சரி. இந்தக் கோடு எதுக்கு? இந்தப் பல்லுக்கு இப்படி ஒரு கோடு கிடையாதே," என்று கேட்டு இரண்டு மார்க் குறைத்தார். இருந்தாலும் பாஸ். வெளியே வந்து இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், நான் வலப்பக்கமாகவே நக்கினேன். பஸ் ஸ்டாப் வரை அவள் கை என் தோளில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "இவ பல்லாலதாம்மா நான் பாஸாயிட்டேன்," என்றாள். அன்று ராத்திரி அம்மா முதல் தட்டை எனக்கு வைத்தாள்.

இந்தக் கதையை நான் சொல்லாத விசேஷ வீடு கிடையாது. என் கல்யாணமாகி வந்த புதிதில் இவரிடம் சொன்னேன். "அப்ப டிகிரியைப் பாதியா வெட்டி உனக்கு ஒரு துண்டு ஃபிரேம் போட்டுத் தரச் சொல்லு," என்றார், இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கதையை ஆரம்பித்தால் அக்கா உதட்டைத் திறக்காமல் சிரிப்பாள். பாதியில் எழுந்து அடுப்பில் எதையாவது பார்க்கப் போய்விடுவாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வேன். வருஷத்துக்கு ஒருமுறை அந்த மெட்டலை அவளே மெருகேற்றி விடுவாள். ஒவ்வொரு தடவையும், "அந்தக் கோட்டைத் தேய்ச்சு எடுத்துடட்டுமா?" என்று கேட்பாள். "தொடாதே. ரெண்டு மார்க் கோடு அது," என்பேன்.

மறுநாள் பதினோரு மணிக்குப் போனேன். அக்காவின் கிளினிக் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்கு மேல் மாடியில். படியேறும்போதே கீழிருந்து புதுத் தாள் வாசனையும் மேலிருந்து கிராம்பு மருந்து வாசனையும் வந்து நடுப்படியில் கலக்கும். உள்ளே அறைக்கொன்றாக நோயாளி படுக்கிற இரண்டு நாற்காலிகள், ஒன்றில் அக்கா பார்ப்பாள், இன்னொன்றில் போன வருஷம் வந்து சேர்ந்த சின்ன டாக்டர். கண்ணாடி போட்ட பையன், எல்லாரையும் ஆன்ட்டி, அங்கிள் என்பான்.

அக்கா என் வாயைப் பார்த்தாள்.  பிறகு ஒரு அட்டையை எடுத்துவந்தாள். பல்லைப்போலவே செய்த குட்டிக் குட்டிப் பல் வில்லைகள் வரிசையாகக் கோத்திருந்தன, ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை. ஒன்றை என் பல்லருகே வைத்து, விளக்கை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் நூல் அட்டையைத் துணியோடு சேர்த்துப் பிடித்து வாசலுக்குப் போய்த்தான் பார்ப்பேன். டியூப்லைட்டில் எல்லா நூலும் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும்.

"எதுக்குக்கா இது? பழையபடி மெட்டலே வையேன்."

"மெட்டல் இப்ப நான் வைக்கறதே இல்ல. இது பல்லு கலர்லயே இருக்கும், அடைச்சதே தெரியாது."

"தெரியட்டுமே. கடைவாய்ப் பல்லு, எவன் வந்து பார்க்கப்போறான்?"

"கலருக்காக இல்லடி." கண்ணாடியை என் கையில் கொடுத்து, சின்னக் கம்பியால் ஒரு இடத்தைக் காட்டினாள். மெட்டலுக்குப் பக்கத்தில் பல்லின் சுவரில் தலைமுடிபோல ஒரு விரிசல். "மெட்டல் பல்லோட ஒட்டாது. உள்ளே அகலமா வெட்டினாத்தான் பிடிச்சு நிக்கும். இது ஒட்டும். ஒட்டினா இந்தச் சுவரையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். விட்டா இந்தச் சுவர் போயிடும், அப்புறம் வேர், அப்புறம் பல்லே போயிடும்." சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல், "சின்ன டாக்டர் பண்ணுவார். அவர் கை ரொம்ப நேர்த்தி," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், நீ எங்க போற?"

"எனக்கு வேற ஒருத்தர் வராங்க."

பொய். வெளியே பெஞ்சில் ஒரு ஈ கூட இல்லை. சின்ன டாக்டர் வந்து குனிந்து பார்த்தான். "மேடம், இது யார் பண்ணது? புத்தகத்துல வர்ற படம் மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் அளவெடுத்து வெட்டின மாதிரி. சொத்தை இவ்வளவு ஒழுங்கா வராதே," என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாயிலிருந்து கம்பியை எடுக்கச் சொல்லிவிட்டுக் கதையை ஆரம்பித்தேன். வெல்டர், பன், முதல் பஸ், காவலாளி எல்லாம் வந்தாயிற்று. அக்கா படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்து, "பொடிசு, வாயத் திற" என்று சொன்ன இடத்துக்கு வந்தபோது அக்கா நடுவில் புகுந்தாள்.

"நானே பண்றேன். நீங்க அந்த ரூமுக்குப் போங்க டாக்டர்."

ஊசி போட்டாள். ஐந்து நிமிஷத்தில் இடப்பக்க உதடும் நாக்கில் பாதியும் எனக்குச் சொந்தமில்லாமல் போயின. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பஞ்சுச் சுருள்களை அடைத்தாள். எச்சிலை இழுக்கிற குழாயை உதட்டில் மாட்டினாள். உதவிக்கு நிற்கிற பெண்ணை, "நீ போய் டீ குடிச்சுட்டு வா," என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மெஷின் ஓடியது. மெட்டல் துண்டு துண்டாக வந்தது. பெரிய துண்டுகள் மூன்று, எடுக்க எடுக்கப் பக்கத்திலிருந்த தட்டில் 'டிங்' 'டிங்' என்று விழுந்தன. பிறகு மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

"பொடிசு, ஒண்ணு சொல்றேன். நீ பேச முடியாத நேரம் பார்த்துத்தான் சொல்றேன். அது தப்புதான். ஆனா நீ பேச ஆரம்பிச்சா நான் சொல்லவே மாட்டேன்."

நான் 'ஆ' என்றேன். அது மட்டும்தான் முடிந்தது.

"அன்னிக்கு உன் பல்லுல சொத்தை இல்ல."

எச்சில் குழாய் கொறகொற என்று இழுத்துக்கொண்டிருந்தது.

"கறை இருந்துச்சு. கோட்டுக்குள்ள பழுப்பா ஒரு கறை. துடைச்சிருந்தா போயிருக்கும். கம்பியை வச்சு அழுத்தினேன், சிக்கிச்சு. அப்பல்லாம் கம்பி சிக்கினா சொத்தைன்னு எழுதிடுவாங்க. எக்ஸாமினரும் வச்சுப் பார்த்தார், சரின்னுட்டார். ஆனா எனக்குத் தெரியும். அதுக்கு முந்தின வாரம்தான் படிக்கறதுக்காக உன் வாயைப் பார்த்து நோட்டுல எழுதினேன். இருபத்தெட்டுப் பல்லு, ஒண்ணுலயும் ஒண்ணும் இல்லன்னு." மூச்சு வாங்கினாள். "நல்ல பல்லு. அதைப்போய் குடைஞ்சேன். மெட்டல் நிக்கணுமேன்னு உள்ளே அகலமா வெட்டினேன். ஒருதடவை குடைஞ்சா அவ்வளவுதான்டி, அப்புறம் அது பழைய பல்லு ஆகாது. அன்னிக்கு நான் வெட்டின சுவர்தான் இப்ப விரிஞ்சிருக்கு. வருஷா வருஷம் மெருகு போடறேன் மெருகு போடறேன்னு இதைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. பல்லுக்காக இல்லை. பல் என்ன பல், கேட்டிருந்தால் இரண்டாகக் கொடுத்திருப்பேன். அவள் கேட்கவில்லை என்பதுதான். கேட்காமல் எடுத்துக்கொண்டு, எனக்குப் பரிசு விழுந்த மாதிரி ஆக்கிவிட்டாள். முப்பத்துநாலு வருஷம், எத்தனை வீட்டில், எத்தனை பேர் முன்னால், நான் மார்தட்டிச் சொன்ன கதையை அவள் உதடு மூடிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அடுப்பைப் பார்க்கப் போனது தன்னடக்கம் இல்லை. என் வாழ்க்கையில் நான் கெட்டிக்காரியாக இருந்த ஒரே நாள் அது, அன்றைக்கும் நான் ஏமாந்தவள்தான் என்று இப்போது வந்து சொல்கிறாள். அதுவும் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு.

"வலிச்சா கையைத் தூக்குன்னு சொல்லிட்டு, தூக்காதேன்னும் சொன்னேன் பாரு," என்றாள்.  மெஷினைத் திரும்பக் கையில் எடுத்தாள். "உள்ளே கொஞ்சம் சுத்தம் பண்ணணும். வலிச்சா…"

இடது கையைத் தூக்கினேன்.

வலியெல்லாம் இல்லை. தாடை மரக்கட்டையாகக் கிடந்தது. கை தானாக எழுந்து நின்றது. அக்கா அந்த நொடியே மெஷினை நிறுத்தி, இரண்டு கையையும் என் வாயிலிருந்து எடுத்து, உறையோடு காற்றில் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ ஆயிரம் பேருக்கு அப்படி நிறுத்தியிருப்பாள். எனக்கு இதுதான் முதல் தடவை. நான் கையை இறக்கவில்லை. கீழே ஸ்டேஷனரிக் கடையில் யாரோ ஜெராக்ஸ் எடுக்கிற சத்தம் வந்தது, பத்துப் பன்னிரண்டு பக்கம் எடுத்திருப்பார்கள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. உறை போட்ட இரண்டு கையையும் அவளும் இறக்காமலே நின்றாள். தோள்பட்டை வலிக்க ஆரம்பித்த பிறகு கையை மெல்ல இறக்கினேன்.

"நான் முடிக்கட்டுமா, இல்ல அவரைக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

விரலை நீட்டி அவளைக் காட்டினேன். அதற்குள் என் கண்ணில் தண்ணீர் நிறைந்து காதுப் பக்கமாக வழிந்தது.

"இப்ப அழாதே. அழுதா வாய் ஊறும், ஈரம் பட்டா இது ஒட்டாது. பத்து நிமிஷம் கழிச்சு அழு," என்றாள். அப்படிச் சொன்னவளின் முகமூடி மூக்குப் பக்கம் ஈரமாகித்தான் இருந்தது.

வெள்ளை மருந்தை ஒரேயடியாக அடைக்கவில்லை. கொஞ்சம் வைத்து நீல விளக்கைக் காட்டினாள், 'பீப்' என்றதும் இன்னும் கொஞ்சம். கடைசி அடுக்கை வைத்துவிட்டு, விளக்கைக் காட்டாமல், ஒரு மெல்லிய கருவியால் மேலே என்னவோ செய்துகொண்டிருந்தாள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை, அவள் முழங்கை அசைவது மட்டும் தெரிந்தது. ஒரு இடத்தில் முழங்கை நின்றது. சற்று யோசித்தாற்போல நின்று மறுபடி அசைந்தது. பிறகு நீல விளக்கு.

கண்ணாடியைக் கொடுத்தாள். பார்த்தேன். எது பல், எது அடைப்பு என்று சத்தியமாகத் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பியும் தெரியவில்லை. என் வேலையில் இப்படி வந்தால் நானே என் முதுகில் தட்டிக்கொள்வேன். தட்டில் கிடந்த மூன்று சாம்பல் துண்டுகளை, பாதரசம் கலந்தது என்பதால் குப்பையில் போடாமல், அவள் தண்ணீர் ஊற்றிய ஒரு பாட்டிலில் போட்டு இறுக மூடினாள். உள்ளே இன்னும் யார் யார் வாயிலிருந்தோ எடுத்த துண்டுகள் கிடந்தன. எது என்னுடையது என்று அடுத்த நிமிஷமே தெரியாமல் போயிற்று.

எனக்கு ஆயிரம் கேட்க இருந்தது. வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது, பாதி நாக்கில் குழறிக்கொண்டு.

"வெல்டர் என்ன ஆனார்?"

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "மறுநாள் வந்தார். தேதியை மாத்தி ஞாபகம் வச்சிருந்திருக்கார். குளிச்சு, தலை சீவி, துவைச்ச சட்டை போட்டுக்கிட்டு எட்டு மணிக்கு டாண்ணு வாசல்ல நின்னார்."

"அடைச்சு விட்டியா?"

"விட்டேன்." உறையைக் குப்பைக்கூடையில் போட்டாள். "அதுல ஒரு கோடும் தப்பில்ல."

அவ்வளவுதான் பேசினோம். அவள் கை கழுவப் போனாள். நான் பையை எடுத்துக்கொண்டு அடுத்த அறை வழியாக வெளியே வந்தபோது சின்ன டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"ஆன்ட்டி, கதையைப் பாதியில விட்டுட்டீங்களே. மேடம் உங்களை வாயத் திறக்கச் சொன்னாங்க. அப்புறம்?"

உள்ளே தண்ணீர்க் குழாய் நின்றது. கதவு திறந்துதான் இருந்தது. அக்கா துண்டை எடுக்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. அடுப்பைப் பார்க்கப் போவதற்கு இங்கே அடுப்பும் கிடையாது.

"அப்புறம் என்ன," என்றேன். உதடு ஒத்துழைக்கவில்லை, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ள வேண்டியிருந்தது. "திறந்தேன். நல்லவேளையா எனக்கும் ஒரு சொத்தை இருந்துச்சு."

"செம லக்கு ஆன்ட்டி மேடத்துக்கு," என்று அவன் சிரித்தான். நான் படியிறங்கினேன். நடுப்படி தாண்டிய பிறகுதான் மேலே குழாய் மறுபடி திறக்கிற சத்தம் கேட்டது.

கடைக்கு வந்து அந்த ஆபீஸ்காரரின் பேண்ட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு தடவை ஊசியில் நூல் கோக்க முடியாமல் வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். நான் சொன்ன பொய் அவளுக்காகவா, என் கதைக்காகவா என்றும் தெரியவில்லை. அடுத்த விசேஷத்தில் யாராவது கேட்டால் எதைச் சொல்வேன் என்று யோசித்தேன். நாலு மணிக்குமேல் கன்னத்தில் எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுத்தது. முதலில் உதடு வந்தது, பிறகு நாக்கின் ஓரம்.

வந்ததும் நாக்கு பழைய இடத்துக்குத்தான் போனது. அங்கே எல்லாம் புதிது. கத்தி விளிம்பு இல்லை, மெட்டலின் குளிர்ச்சி இல்லை, வழவழவென்று யாரோ ஒருவருடைய பல்லைப்போல இருந்தது. பள்ளத்தில் இறங்கியது, மேட்டில் ஏறியது. நாக்குப் பக்கமாக வரும்போது ஒரு இடத்தில் லேசாகத் தட்டியது. திரும்பப் போய்ப் பார்த்தேன். மற்றக் கோடுகளோடு சேராமல், ஒன்று மட்டும், சாய்ந்து தனியாக ஓடியது.

மெஷினை நிறுத்தினேன். டிராயரிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து, வாசலுக்கு வந்து, வெயில் பக்கம் திரும்பி வாயைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. எதிர்க்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து மீதி மடிப்பையும் தைத்து முடித்தேன். நூலை அறுக்கப் பழக்கதோஷத்தில் பேண்ட்டை வாயருகே கொண்டுபோனவள், நிறுத்தி, கத்திரியைத் தேடி எடுத்து வெட்டினேன். அதற்குள் நாக்கு இன்னொரு தடவை அந்தக் கோட்டுக்குப் போய்விட்டிருந்தது.